துணை என்று ஒரு சொல்

காக்ஸ் டவுனைத் தாண்டி, ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் ஏறி இறங்கினால் லிங்கராஜபுரம். பெங்களூரின் வடகிழக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்த பகுதி. 1809-ல் பிரிட்டிஷார் பெங்களூரில் ராணுவக் குடியிருப்பை அமைத்தபோது, சிப்பாய்களோடு வியாபாரிகளும் கூலிகளும் சமையல்காரர்களுமாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தமிழ் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் காதில் விழுகிறது.

கண்ணிலும் படுகிறது. கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலே ‘முருகன் துணை’. ஆட்டோவின் முதுகில் ‘மாதா துணை’. கல்யாணப் பத்திரிகையின் உச்சியிலும் அதே சொல். பயந்த பிள்ளையோடு இருட்டில் கூடப் போகிறவருக்கும் தமிழில் அதே பெயர்தான். கடவுளுக்கும் கூட வரும் மனிதருக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது மொழி.

இந்த நகரத்தின் சரித்திரமும் அப்படித்தான். 1898-ல் பிளேக் வந்து ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடியபோது, ஜனங்கள் மாரியம்மனின் காலில் விழுந்தார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இங்கே கோயில்கள் உண்டு. ஆனால் வேண்டுதலோடு நிற்கவில்லை. நெரிசல்தான் நோய்க்கு வழி என்று கண்டு, காற்றும் வெளிச்சமும் புகும்படி புதிய குடியிருப்புகளை அமைத்தார்கள். லிங்கராஜபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரேசர் டவுன் அப்படிப் பிறந்ததுதான்.

பிளேக் போய்விட்டது. ஆனால் உடலில் வந்த ஊனம் போவதில்லை. அதனோடுதான் வாழ்ந்தாக வேண்டும். அதற்கு என்ன துணை?

லிங்கராஜபுரத்தில் ஹட்சின்ஸ் சாலைக்கு அருகே இதற்குப் பதில் இருக்கிறது. ‘அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிஸெபிலிட்டி’ என்ற அமைப்பு. ஊர் வழக்கில் ஏ.பி.டி. 1959-ல் இதைத் தொடங்கிய என்.எஸ். ஹேமா, தாமே உடல் ஊனத்துடன் வாழ்ந்தவர். பரிதாபத்தை அல்ல, படிப்பையும் தொழிலையும் கொடுப்பது என்பது இதன் வழி. ஊனமுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளி, தொழிற்பயிற்சி, தோட்டக்கலைப் பயிற்சி, முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு என்று வேலை விரிந்திருக்கிறது.

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர், சாலை விபத்தில் சிக்கியவர் போன்றோருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டால் சக்கர நாற்காலிதான் கால். அதிலும் ஒரு விஷயம் உண்டு. உடம்பின் அளவுக்குப் பொருந்தாத நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்தால் புண் வரும். உணர்வில்லாததால் அது தெரியாது. முற்றினால் உயிருக்கே ஆபத்து. அளவெடுத்துக் கொடுக்கும் நாற்காலி, சரியான மெத்தை, இவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை உடம்பைத் தூக்கி உட்கார் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இவை மூன்றும் இருந்தால் அந்த மரணத்தைத் தவிர்க்கலாம். துணை என்பது இவ்வளவு நுணுக்கமான காரியம்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டது; 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கி, அரசு வேலை ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. இந்தியாவில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பிராந்தியத்தைப் போலியோ அற்றதாக அறிவித்தது. வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்த பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

மிச்சம் இருப்பது ஒரு சின்னக் கணக்கு. கஷ்டத்தில் இருப்பவர் முதலில் தேடுவது கோயிலையோ சர்ச்சையோ தர்காவையோதான். நம் ஊர்களில் அந்த வாசல்கள் பலவற்றிலும் படிகள் உண்டு, சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவரை நாலு பேர் தூக்கினால்தான் சாமியைப் பார்க்க முடியும். தூக்குகிறவர்களும் துணைதான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மூட்டை சிமென்டில் ஒரு சாய்தளம் போட்டுவிட்டால், அவர் நினைத்த நேரத்தில் தாமே உள்ளே போவார்.