ஓமந்தூராரின் சட்டமும் ஒரு புளியமரமும்

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவரைப் பார்க்கச் சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். துணைக்கு வந்த பேரன் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "ஓமந்தூரார்னா யாரு தாத்தா? பெரிய டாக்டரா?" என்று கேட்டான். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

"டாக்டர் இல்லப்பா. முதல் மந்திரியா இருந்தவர். நம்ம ஜில்லாக்காரர்" என்றேன்.

"கள்ளக்குறிச்சியா?" என்றான்.

அவனுக்குத் தெரிந்த ஜில்லா 2019-ல் பிறந்தது. அதற்கு முன் நாம் விழுப்புரம் மாவட்டம். 1993-க்கு முன் எல்லாமே தென்னாற்காடு, கடலூர்தான் தலைநகரம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓமந்தூரும் அந்தத் தென்னாற்காட்டைச் சேர்ந்ததுதான். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1-ஆம் தேதி ஓமந்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காலேஜ் படிப்பு கிடையாது. காந்தியின் பின்னால் போனார், ஜெயிலுக்குப் போனார், தென்னாற்காட்டில் காங்கிரஸை வளர்த்தார். 1947 மார்ச்சில் பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்தபோது, காமராஜரும் மற்றவர்களும் இவரைத்தான் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். அன்றைக்குச் சென்னை மாகாணம் என்றால் ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி சுதந்திரம் வந்தபோது அவ்வளவு பெரிய மாகாணத்துக்கு நம் பக்கத்து விவசாயி ஒருவர்தான் தலைவர்.

பதவியில் இருந்தது இரண்டு வருஷமும் சில நாட்களும்தான். அதற்குள் நடந்தவற்றைப் பாருங்கள். தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போக மாகாணம் முழுவதற்குமான சட்டம், 1947. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல வருஷம் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம், அதே வருஷம். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஜமீன் கிராமங்களில் குத்தகையைக் குறைத்த சட்டம், பிறகு ஜமீனையே ஒழித்த சட்டம். அவரைப் பிடிக்காதவர்கள் "தாடியில்லாத ராமசாமி நாயக்கர்" என்று பேர் வைத்தார்கள். பெரியார் வேறு, இவர் வேறு. இவர் திருநீறு பூசியவர், ரமண மகரிஷியையும் வள்ளலாரையும் நெஞ்சில் வைத்திருந்தவர். இருந்தாலும் அந்தப் பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அவரை இறக்கியது வேறு கட்சிக்காரர்கள் இல்லை, சொந்தக் கட்சிக்காரர்கள்தான். சிபாரிசோடு வந்த எம்.எல்.ஏ.க்களை வெறுங்கையோடு அனுப்பியவர் அவர். அதுதான் குற்றம். 1949 ஏப்ரல் 6-ஆம் தேதி குமாரசாமி ராஜா அந்த நாற்காலிக்கு வந்தார். ஓமந்தூரார் பிறகு வடலூரில் தங்கிவிட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதரவில்லாதவர்களுக்கு இருக்க இடம், இதுதான் அவர் வேலை. 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

நான் அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயசு. தைப்பூச ஜோதி பார்க்க அப்பா வடலூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர் கதர் வேட்டியும் துண்டுமாக நின்றார். அப்பா என் தோளை அழுத்தி, "அவரைக் கும்பிட்டுக்கடா. நம்ம நெலத்துக்குப் பட்டா குடுத்தவரு அவருதான்" என்றார். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் பூர்வீகம் ஆத்தூர் பக்கம் ஒரு மிட்டா கிராமம். மூன்றேகால் ஏக்கர் புஞ்சை. தாத்தா காலம் வரைக்கும் மிட்டாதாருக்குத்தான் வாரம் அளந்தோம். மழை பொய்த்தாலும் அளக்க வேண்டும். வெள்ளைக்காரன் 1802-ல் போட்ட நிரந்தர செட்டில்மெண்டின் வழியில் வந்த ஏற்பாடு அது. ஜமீனோ மிட்டாவோ, சர்க்காருக்கும் உழுகிறவனுக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டார். 1948-ஆம் வருஷத்து 26-வது சட்டம், அதாவது எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம், அந்த நடு ஆளை எடுத்துவிட்டது. நிலத்தை அளந்து, செட்டில்மெண்டு செய்து, உழுகிறவன் பேருக்கு ரயத்துவாரி பட்டா கொடுத்தார்கள். அரசாங்கம் எஸ்டேட்டுகளைக் கையில் எடுக்க ஆரம்பித்தபோது ஓமந்தூரார் பதவியில் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிற அந்தப் பட்டாவை அப்பா "ரெட்டியார் காகிதம்" என்றுதான் சொல்லுவார்.

இதுவரைக்கும் பேரனுக்குச் சொன்னது. இனிமேல் வருவது சொல்லாதது.

1974-ல் எனக்கு வருவாய்த் துறையில் வேலை கிடைத்தது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் பெரும்பகுதி கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம்தான். ஆபீஸ் வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அந்த மலையில் என்ன நடந்தது என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

மலை மூன்று ஜாகிராகப் பிரிந்திருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்கள். விஜயநகர ராஜா காலத்தில் கிடைத்த மானியம் என்பது அவர்கள் சொல்கிற வரலாறு. சமவெளியில் 1948 சட்டம் ஜமீன்களைத் துடைத்தபோது இந்த ஜாகிர்கள் அதற்குள் அகப்படவில்லை. 1963-ல் இனாம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் அந்த வருஷத்து 26-வது சட்டம்தான். அதை வைத்து மலையை எடுக்கப் போனபோது வழக்கு, மேல் வழக்கு என்று இழுத்தது. கடைசியில் 1976-ல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த விடுதலை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கிற மலை ஏற இருபத்தெட்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், மலையிலிருந்து ஒரு பெரியவர் ஆபீஸுக்கு வந்தார். இடுப்பில் துண்டு, தோளில் ஒரு கம்பளி. அப்போது பஸ் வசதி இல்லை. முதல் நாளே இறங்கி, அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் படுத்திருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர் சாமை போடுகிற நிலத்துக்குப் பட்டா வேண்டும்.

"ஆதாரம் என்ன வெச்சிருக்கீங்க பெரியவரே?" என்று கேட்டேன்.

"ஆதாரம்னா என்னங்க சாமி?"

"கிஸ்தி கட்டின ரசீது, பழைய பத்திரம், ஏதாவது காகிதம்."

அவர் யோசித்தார். "எங்க மலையில காயிதம் ஏதுங்க சாமி. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க, குடுப்போம். வருசத்துல இத்தனை நாளு ஜாகிர்தார் காட்டுல சும்மா வேலை செய்யணும், செஞ்சோம். ரசீது யாருங்க குடுத்தா?" என்றார். பிறகு, "காட்டோரத்துல ஒரு புளியமரம் இருக்குதுங்க. எங்க பாட்டன் வெச்சது. அவரைப் பொதைச்ச எடமும் அதுக்குக் கிட்டத்தான். வந்து பாருங்க சாமி" என்றார்.

எனக்குப் பசி. மேஜை மேல் ஜமாபந்திக் கணக்கு குவிந்து கிடந்தது. "மரமெல்லாம் சாட்சி சொல்லாது பெரியவரே. காகிதம் இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்ப வரவே இல்லை.

நான் சொன்னதில் சட்டப்படி தப்பு கிடையாது. மேலதிகாரி கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் யாரிடம் அதைச் சொன்னேன்? ரசீது கொடுக்காத ஆட்சியில் பரம்பரை பரம்பரையாக இருந்தவரிடம் போய் ரசீது கேட்டேன். அதைக் கேட்டவன் வீட்டுத் தகரப் பெட்டியிலோ ஓமந்தூரார் சட்டம் கொடுத்த பட்டா பத்திரமாக இருந்தது. எங்கள் தாத்தாவிடமும் பெரிதாக ஒன்றும் காகிதம் இருந்திருக்காது. மிட்டாதார் கணக்கில் அவர் பேர் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிட்டையர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்னால், 2008-ல், வன உரிமைச் சட்டத்தின் விதிகள் ஆபீஸுக்கு வந்தன. 2006-ல் டெல்லியில் போட்ட சட்டம் அது. காட்டு நிலத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே குடியிருந்து பயிர் செய்கிற பழங்குடிகளுக்கு உரிமை கொடுக்கிற சட்டம். எவையெல்லாம் ஆதாரம் என்று 13-வது விதியில் ஒரு பட்டியல் இருந்தது. அரசாங்கக் காகிதங்கள் இருந்தன, சரி. அதற்குக் கீழே படித்தேன். நிலத்தைச் சமன் செய்த அடையாளம், போட்ட வரப்பு, கிணறு, புதைகாடு, சாமி இடம், ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம், இவையெல்லாமே ஆதாரம்.

புதைகாடு என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் அந்தப் பெரியவர் எனக்குச் சொன்னதைத்தான் அரசாங்கம் இப்போது அச்சடித்து அனுப்பியிருக்கிறது. அவர் பேரைக்கூட நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

2024 ஜூனில் நம் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது ஆளாளுக்குக் கல்வராயன் மலையைக் கை காட்டினார்கள். சாராய மலை என்றே பேர் வைத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலை மக்களின் நிலைமையை விசாரிக்க எடுத்தபோதுதான், ரோடு இல்லை, ஆஸ்பத்திரி வசதி இல்லை என்பதெல்லாம் பேப்பரில் வந்தது. மதுவிலக்குச் சட்டமும் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதற்கும் போட்டதுதான். தண்டிக்கிற சட்டம் மலை ஏற அதிக நாள் ஆகவில்லை. நிலம் கொடுக்கிற சட்டம்தான் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

இதற்கு ஓமந்தூராரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டு வருஷத்தில் ஒரு மனுஷன் எவ்வளவு செய்ய முடியுமோ அதற்கு மேலேயே செய்தார். சிபாரிசுக்கு வளையாமல் இருந்து பதவியையும் இழந்தார். அவர் போட்ட சட்டத்தைக் கடைசி ஆள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது அவருக்குப் பின்னால் வந்தவர்களும், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் போன்றவர்களும்தான். அவர் படத்தைக் கும்பிட்ட வீட்டில் பிறந்தவன் நான். அந்த மத்தியானம் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருக்கிற என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். யார் எந்தக் காட்டை எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள், எது யார் வைத்த மரம், யாரை எங்கே புதைத்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கிராம சபையில் வன உரிமைக் குழு கூடும்போது போய் உட்கார்ந்து சொல்லுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நமக்குப் பின்னால் அதைச் சொல்ல ஆள் கிடையாது. காகிதம் இல்லையே என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், 13-வது விதியைப் பாருங்கள் என்று சொல்லுங்கள்.

பேரனுக்கு இந்தப் பாதியையும் சொல்ல வேண்டும். தகரப் பெட்டியைத் திறந்து "ரெட்டியார் காகிதத்தை" அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.