மொழி திறந்த சாளரம்

ஒரு நாட்டில் கால் பதிக்காமலே அந்நாட்டு மக்களின் மனத்தை அறிய இயலுமா? இயலும் என்பதற்கு, ஆங்கிலத்தின் வழியே ரஷ்யாவை அறிந்த வாசகர்களே சான்று. அவர்களுக்கு வழியமைத்தவர்களுள் முதன்மையானவர் கான்ஸ்டன்ஸ் கார்னெட்.

1861இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்றவர். முப்பது வயதை நெருங்கியபோது, தாய்மையடைந்திருந்த நாள்களில், நாடு கடந்து வாழ்ந்த ரஷ்யர் ஒருவரின் தூண்டுதலால் ரஷ்ய மொழி கற்கத் தொடங்கினார். 1894இல் ரஷ்யா சென்று டால்ஸ்டாயைச் சந்தித்தார். துர்கனேவ், தஸ்தாயெவ்ஸ்கி, செகாவ் எனப் பலரின் படைப்புகளை ஏறத்தாழ 70 தொகுதிகளாக மொழிபெயர்த்தார். 'போரும் அமைதியும்' புதினத்தில் உழைத்தபோது அவரது கண்பார்வை நலிந்தது. பிறர் படிக்கக் கேட்டு, தாம் சொல்லிப் பிறரை எழுதச் செய்து, அப்பணியை நிறைவேற்றினார்.

பலமுறை முயன்றும் படிக்க முடியாத அப்புதினம், கார்னெட்டின் மொழிபெயர்ப்பு கிடைத்த பிறகே தமக்கு வசப்பட்டதாக அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே நினைவுகூர்ந்தார். ரஷ்யாவில் பிறந்த கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கியோ, ஆங்கில வாசகர்கள் டால்ஸ்டாயையும் தஸ்தாயெவ்ஸ்கியையும் வேறுபடுத்தி அறியாததற்குக் காரணம், அவர்கள் இருவரையும் அன்றிக் கார்னெட்டையே படித்ததுதான் என்றார்.

இரண்டு கூற்றுகளிலும் உண்மை உண்டு. சாளரம் இன்றேல் வெளி புலப்படாது. ஆயினும், சாளரத்தின் அளவே வெளியின் அளவு ஆகாது. ஒரு மொழிபெயர்ப்போடு நிறைவடையாமல் மற்றொன்றையும் ஒப்பிட்டுப் படிப்பவரே அயல்நாட்டை மேலும் நெருங்குகிறார். மூலமொழியையே கற்கத் துணிபவருக்குச் சாளரம் வாயிலாகிறது. முப்பது வயதை நெருங்கியபோது அகரம் கற்கத் தொடங்கிய கார்னெட்டுக்கு அவ்வாறே ஆயிற்று.