இரட்டைக் கோப்புகள்

நன்னூல் வகுத்துரைத்த பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பதும் ஒன்று. ஏட்டில் நிகழ்ந்த அக்குற்றம் இக்காலத்தில் கணிப்பொறியினுள்ளும் குடிபுகுந்துள்ளது. ஒருமுறை இறக்கிக்கொண்ட பாடநூலை மறந்து, மீண்டும் இறக்கிக்கொள்வோர் பலர். கைப்பேசியில் எடுத்த நிழற்படங்களைக் கணிப்பொறியில் இருமுறை ஏற்றிவைப்போரும் உளர். இவ்வாறு பெருகிய படிகள் வட்டில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. தேடுவோரை மயக்கவும் செய்கின்றன. திருத்திய கட்டுரை இருக்க, திருத்தாத படியை ஆசிரியரிடம் அளித்து வருந்தும் மாணவரும் உண்டு.

ஆயினும், களை பறிக்கப் புகுவோன் முதற்கண் பயிரை அறிதல் வேண்டும். பெயர் ஒன்றாயிருத்தல் கொண்டு இரட்டை என முடிவு செய்தல் பிழையாகும். ‘கட்டுரை’ என்னும் பெயருடன் வெவ்வேறு கோப்புறைகளில் இருக்கும் இரு கோப்புகள் பொருளால் முற்றிலும் வேறாக இருத்தல் கூடும். பெயர் வேறாயினும் உள்ளீடு ஒன்றாதலும் கூடும். கண்ணை நம்புதலும் ஆகாது. செய்திச் செயலிகளின் வழியே வரும் நிழற்படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டே வருகின்றது. சிறிய திரையில் அதுவும் மூலமும் ஒன்றுபோலத் தோன்றும். பெரிதாக்கி நோக்கினாலோ, மூலத்தில் உள்ள நுண்மை அதில் இராது. அதனை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர் இழந்ததை மீண்டும் பெறுதல் அரிது.

பின், இரட்டையை அறிவது எங்ஙனம்? ஒவ்வொரு கோப்பும் சுழி, ஒன்று என்னும் இரண்டு இலக்கங்களால் ஆன நீண்ட வரிசையே. இரட்டை தேடும் செயலி முதலில் கோப்புகளின் அளவை ஒப்பிடும். அளவு வேறுபட்டவை முற்றும் ஒத்த படிகள் ஆகா. ஆதலின் அவற்றை ஒதுக்கிவிடும். அளவு ஒத்தவற்றுக்கு மட்டும் கணக்கு முறையால் ஓர் அடையாளம் காணும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில், கோப்பு சிறிதாயினும் பெரிதாயினும், அவ்வடையாளம் 64 குறிகளால் எழுதப்படும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அடையாளம் பெரிதும் மாறிவிடும்.

அடையாளமும் பொய்த்தது உண்டு. எஸ்.எச்.ஏ.-1 என்னும் பழைய முறையில் ஒரே அடையாளம் பெற்றும் உள்ளீட்டால் வேறுபட்ட இரு கோப்புகளை, 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளரும் ஆக்கிக் காட்டினர். அது பெரிதும் முயன்று ஆக்கியது, தானே நேர்வதன்று. எனினும், நல்ல செயலிகள் சில அடையாளம் ஒத்த பின்னும் இரு கோப்புகளையும் முதலிலிருந்து இறுதிவரை ஒப்பிட்டுப் பார்க்கும்.

இனி, முற்றும் ஒத்தவை எல்லாம் வீண் எனக் கருதலாகாது. வேறொரு வட்டில் காப்பாக வைத்த படி, முதல் வட்டுப் பழுதாகும் நாளில் கைகொடுக்கும். மென்பொருள்கள் தமக்கென வைத்திருக்கும் கோப்புகள் ஒத்திருப்பினும் அவற்றைத் தொடலாகாது. தொட்டால் அம்மென்பொருள்கள் இயங்காது போகலாம். தாம் எழுதியவற்றையும் தாம் சேர்த்தவற்றையுமே ஆராய்ந்து, ஒன்றை நிறுத்தி, ஏனையவற்றைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புதல் நன்று. சில நாள் பொறுத்து, குறை ஒன்றும் நேராமை கண்ட பின்னரே அத்தொட்டியை வெறுமையாக்குதல் வேண்டும். அழித்தல் நொடிப்பொழுதில் முடியும்; ஆராய்தலுக்கே பொழுது வேண்டும். அப்பொழுதைச் செலவிடத் தயங்காதவரே தம் செல்வத்தைக் காப்பவர் ஆவர்.