தைப்பிங் மழையும் அம்மாவின் ஈரக் காலும்

தைப்பிங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் குடை இல்லாமல் போனால் வாசலிலேயே சிரிப்பார். தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் அது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். ஊருக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கும் புக்கிட் லாருட் மலை, ஈரக் காற்றைத் தடுத்து மேலே ஏற்றி மழையாக இறக்கிவிடுகிறது. என் காரின் நோய் என்ன என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்ததும் அந்த மழைதான்.

கோலாலம்பூரிலிருந்து அம்மாவோடு புறப்படும்போதே காருக்கு உடம்பு சரியில்லை. கதவுப் பூட்டு தானாக 'டக் டக்' என்று போடும், திறக்கும். இடப்பக்கக் கண்ணாடி ஒருநாள் இறங்காது, மறுநாள் இறங்கும். ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஓர் இரைச்சல். ஒரு பட்டறையில் காட்டினேன். கதவு, விளக்கு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, 1,800 ரிங்கிட் ஆகும் என்றார்கள். ஊரிலிருந்து திரும்பியதும் முன்பணம் கட்டுவதாக இருந்தேன்.

அம்மா மட்டும் இரண்டு வாரமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "காலடி ஈரமா இருக்கும்மா."

"தண்ணி போத்தல ஒழுங்கா மூடுங்கம்மா" என்பதுதான் ஒவ்வொரு முறையும் என் பதில்.

சனிக்கிழமை மாலை ஏரிப் பூங்காவுக்குப் போனோம். ஈயம் தோண்டிய பழைய குழிகளை 1880-ல் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். கரையோரத்து தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகளை நீர்மேல் தாழ்த்தி நிற்கின்றன. மாலையானால் இலைகளை மடித்துக்கொள்வதால், மலாயில் இதற்கு 'புக்குல் லிமா', ஐந்து மணி மரம் என்று பெயர். அம்மா அந்த நிழலில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இரவு முழுக்க அடைமழை. காலையில் சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் பெரியம்மா தனக்குத் தெரிந்த வயர்மேன் அண்ணனை அழைத்தார். ஜம்பர் கேபிள் போட்டு அவர் பட்டறைக்கே காரைக் கொண்டுபோனோம். நான் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்காமல், அம்மா உட்காரும் பக்கத்துக் கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினார். விரல்களுக்கிடையில் தண்ணீர் வந்தது.

"இங்க யாரு உக்காருவாங்க?"

"நான்தான் தம்பி. ரெண்டு வாரமா ஈரம்னு சொல்றேன்" என்றார் அம்மா. நான் பட்டறைக் கூரையைப் பார்த்தேன்.

அண்ணன் பானட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். மழைநீர் வடியும் துளை முழுக்க மக்கிய சின்னச் சின்ன இலைகள். எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்திலும் தூங்குமூஞ்சி மரம்தான்! துளை அடைத்ததும் நீர் தேங்கி, ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. நம் நாட்டுக் கார்களில் அந்த வாய் பெரும்பாலும் இடப்பக்கம்தான் இருக்கும்.

அடுத்து, இடப்பக்கக் கால்மாட்டின் ஓரப் பலகையைக் கழற்றினார். உள்ளே பல வயர்கள் ஒன்றுசேரும் எர்த் போல்ட்டில் பச்சைப் பூஞ்சை மாதிரி துரு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை அந்த வயர்களின் முனையிலும் வைத்து, கண்ணாடிச் சுவிட்சை அழுத்தச் சொன்னார். 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 2.8 காட்டியது.

"பூட்டு, கண்ணாடி, ரேடியோ எல்லாத்துக்கும் இங்கதான் எர்த். இது கெட்டா கரண்ட் வேற வழி தேடும். அதான் சம்பந்தமே இல்லாம நாலு சாமான் ஒண்ணா கிறுக்கு பிடிக்குது. தண்ணி வர்ற வழிய அடைக்காம கம்ப்யூட்டர மாத்தினா, புதுசும் நனையும் தங்கச்சி."

எங்கள் வானொலி நிலையத்தில் ஒலிபரப்பில் இரைச்சல் வந்தால், தொழில்நுட்பர் முதலில் பார்ப்பது எர்த் இணைப்பைத்தான். அது எனக்குத் தெரியும். காரில் தோன்றவில்லை.

பேட்டரியைக் கழற்றி, போல்ட்டைத் தேய்த்து, நனைந்த கனெக்டர்களைத் துப்புரவு செய்தார். இப்போது மீட்டரில் 0.05. பிறகு காரைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, பேட்டரியிலிருந்து வடியும் கரண்டை அளந்தார். 30 மில்லியாம்பியர். 50-க்குள் இருந்தால் பயமில்லையாம். ஈரக் கனெக்டர் கம்ப்யூட்டரைத் தூங்கவிடாமல் வைத்திருந்ததால்தான் இரவில் பேட்டரி செத்திருக்கிறது.

அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். மழை இல்லாத நாளிலும் ஏசி போட்டால் மட்டும் தெளிந்த நீர் சேர்ந்தால், ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம். மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால் வெளியிலிருந்துதான் வருகிறது. ஒருவர் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் பாய்ச்ச, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தால் வழி தெரிந்துவிடும். கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்தாலும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக்குடையது. வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தே பார்க்க வேண்டாம். இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவதுதான் நல்லது.

தைப்பிங் வெயிலை நம்ப முடியாது என்று, அண்ணன் கார்பெட்டைப் பெரிய விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் தொங்கவிட்டார். நான் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். அம்மாவோடு இன்னும் இரண்டு மாலை ஏரிக்கரையில் நடந்தேன். "போத்தல் இல்லம்மா, நான்தான் கேக்கல" என்றேன். "சரி விடு" என்றார்.

மொத்தச் செலவு 180 ரிங்கிட். திரும்பும் வழியில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கார்பெட்டைத் தடவிப் பார்த்தார். ரேடியோவில் இரைச்சல் இல்லை. இப்போது மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து இலைகளை அள்ளிப் போடுகிறேன்.