வேர்ப்புழு எப்படி மூச்சு விடுகிறது?

"தண்ணி கட்டி நிறுத்துனா வேர்ப்புழு மூச்சு முட்டிச் செத்துப் போயிடாதுங்களாண்ணா?" ராசிபுரம் பக்கத்தில் நிலக்கடலை போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். அவர் காட்டில் திட்டுத்திட்டாகச் செடி வாடிக் கிடந்தது. இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தது.

புழுவைத் தோண்டி உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும். விலாவில் பக்கத்துக்கு 9 பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் மூச்சுத் துளைகள். நுரையீரல் கிடையாது, துளையில் நுழையும் காற்று மெல்லிய குழாய்கள் வழியே உடம்பெங்கும் போகிறது. மண் இடுக்கில் இருக்கும் காற்றே அதற்குப் போதும். சில்வண்டின் குஞ்சும் இப்படித்தான் வேர்ச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு வருடக்கணக்கில் உள்ளே கிடக்கிறது.

நம் செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். அதற்குள் புழு சாகாது. நாள்கணக்கில் நிறுத்தினாலோ கடலை வேர் அழுகும். வேருக்கும் காற்று வேண்டுமே!

வண்டாக இருக்கும்போதே பிடிப்பதுதான் என் கணக்கில் லாபம். கோடை மழை விழுந்ததும், பொழுது சாய்ந்தபின் வண்டுகள் மண்ணைவிட்டு வெளியேறி வேப்பிலை தின்ன வரும். கிளையை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். பெண் வண்டு முட்டை வைக்க மண்ணுக்குள் இறங்குமுன் இதைச் செய்ய வேண்டும்.