எட்டு ஜன்னல்கள்

வீடு கட்டுகிறவர்களுக்குக் கேர்ட்டின் கடைசிக் கணக்கு. சீமெந்து, கம்பி, மேசன் பாஸின் கூலி, மாநகர சபை அனுமதி என்று சல்லியெல்லாம் கரைந்தபின் மிஞ்சுவதில்தான் ஜன்னலுக்குத் துணி எடுப்பார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் ஐந்து பேர்ச் காணியில் மேலும் கீழுமாக எங்கள் வீடு எழும்பி முடிந்தபோது எட்டு ஜன்னல்கள் வெறுமையாக நின்றன. அவற்றில் மூன்று கடலைப் பார்த்தவை.

கடலைப் பார்த்த ஜன்னல் என்றால் கேட்பவர்களுக்குப் பொறாமை வரும். இருந்து பார்த்தால் தெரியும். லுஹருக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே இறங்கி, கட்டில்வரை வந்து படுத்துக்கொள்ளும். காற்றில் உப்பு. பக்கத்து வீட்டு அன்ரி, யாழ்ப்பாணத்தவர், மதிலால் எட்டிப் பார்த்துச் சொன்ன முதல் புத்திமதி இதுதான்: “தங்கச்சி, யன்னலுக்கு இரும்புக் கம்பி போடாதேங்கோ. கெதியிலை கறள் பிடிச்சுத் துணியெல்லாம் கறையாகும்.” நாங்கள் ஜன்னல் என்போம், அவருக்கு அது யன்னல். அலுமினியக் கம்பிதான் போட்டோம்.

துணி எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனோம். சிவப்புப் பள்ளி நிற்கும் இரண்டாம் குறுக்குத் தெருவைச் சுற்றி அலைந்தால் எந்த நிறத்திலும் கிடைக்கும். ஆறடி ஜன்னலுக்குப் பன்னிரண்டடி அகலத்தில் துணி வேண்டும், சுருக்கு விழாவிட்டால் அது திரையல்ல, தொங்கவிட்ட படுக்கை விரிப்பு. மெல்லிய துணியென்றால் இரண்டரை மடங்கு. கம்பியும் ஜன்னல் சட்டத்துக்கு அப்பால் இருபக்கமும் அரை அடி நீள வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்து இடுக்கால் தெருவுக்கு வீடு தெரியும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்த கடைக்காரர் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு ஒரு தடித்த பொலியெஸ்டர் சுருளை இழுத்துப் போட்டார். “ராத்தா, நம்மட வீட்டுக்கு இதுதான் சரி. வெளிச்சமே வராது.”

அவருக்கு அது வியாபாரப் பேச்சு. எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் கிடந்தது.

இங்கே வருமுன் கொட்டாஞ்சேனையில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்தோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் மணி எங்கள் குசினிக்குக் கேட்கும். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் அங்கே போவதைப் பார்த்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பூசைக்குப் போனவர்களைக் கொன்றவர்களுக்கு எங்கள் பெயர்கள் இருந்தன. எதிர்வீட்டுக் கத்தோலிக்கப் பெண்ணின் சொந்தத்தில் ஒருவர் அன்று அந்தப் பூசையில் இருந்தார். பதினொரு வருடம் ஜன்னலோடு ஜன்னலாகக் கதைத்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து எந்தப் பக்கத்து ஜன்னலும் திறக்கவில்லை. ஏப்ரல் 29இலிருந்து முகத்தை மறைப்பதற்கு அவசரகாலச் சட்டத்தின்கீழ் தடை வந்தது. அதே கிழமையில் எங்கள் மாமி கரும்பழுப்பில் இரட்டைத் துணி வாங்கி வீட்டு ஜன்னல்களையெல்லாம் மூடினார். பகலிலும் லைட் போட்டுத்தான் சோறு தின்றோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. “யாரு உம்மா நம்மளப் பாக்கிறது?” என்று கேட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் கதவைத் தட்டினார். பிள்ளைக்குச் சுகமா என்று மட்டும் கேட்டார். அந்தத் திரை மட்டும் இறங்கவில்லை, வீடு மாறும்வரை அப்படியே கிடந்தது.

புதுவீட்டுக்கும் அந்தக் கரும்பழுப்புத் துணியையே கொண்டுவருவோம் என்றார் மாமி. செலவும் மிச்சம் என்றார் இவர். மாமியின் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. வயதுக்கு வரப்போகும் பிள்ளை இருக்கிற வீடு, எதிரே நாலு மாடிக் கட்டடம். ஆனால் மார்க்கத்தில் திரையைப் பற்றி வரும் இடங்களைப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் தெரிகிறது. ஆயிஷா (ரழி) உருவங்கள் போட்ட சீலையைத் தொங்கவிட்டதும், நபி (ஸல்) அதை விரும்பாததால் அது தலையணையாக மாறியதும் பலருக்குத் தெரியும். புகாரியில் இன்னொன்றும் வருகிறது. நபியவர்களின் வீட்டுக்குள் துவாரத்தால் எட்டிப் பார்த்தவரை அவர்கள் கடிந்தார்கள். அனுமதி கேட்கச் சொன்னதே பார்வையின் காரணமாகத்தான் என்றார்கள். குற்றம் பார்த்தவனிடம் வைக்கப்பட்டது, துவாரத்திடம் அல்ல. இதை மாமியிடம் சொன்னேன். “எல்லாம் படிச்சிருக்காய்” என்றார். அதில் பாராட்டு எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று இன்றும் விளங்கவில்லை.

மாமி மருதமுனைக்காரர். அவருடைய வாப்பாவுக்குத் தறி இருந்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தபோது ஊரில் தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. மிஞ்சியவற்றில் பலதை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. வெள்ளவத்தையும் ஒருகாலத்தில் துணி நெய்த இடந்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய நெசவாலை நின்ற காணியில் இன்று ஹெவ்லொக் சிற்றியின் மாடிகள் நிற்கின்றன. புறக்கோட்டையிலிருந்து நான் கொண்டுவந்த மாதிரித் துண்டுகளை மாமி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, விரலால் இழையை எண்ணினார். “மறைப்பு தடிப்பில இல்ல புள்ள, நெருக்கத்திலதான் இருக்கு. இது தடிப்பு, ஆனா சல்லடை.” பொலியெஸ்டரைத் தள்ளி வைத்தார். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி, மங்கல் வெள்ளையில், காற்று போகக்கூடியது வேண்டுமென்று ஊருக்குத் தானே கோல் எடுத்தார். நான் எதுவும் பேசவில்லை.

காற்று போவதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது, மூடிய திரைக்குள் ஃபேனும் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள்.

மெல்லிய துணியில் ஒரு வில்லங்கம் உண்டு. பகலில் வெளிச்சம் வெளியே கூட என்பதால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மஃரிபுக்குப் பிறகு லைட் போட்டால் கதை தலைகீழ், வீடு முழுக்க நிழற்கூத்து. ஆகவே கடல் பக்கத்து மூன்றுக்கும் இரட்டைக் கம்பி. முன்னால் மருதமுனைத் துணி, பின்னால் இரவில் மட்டும் இழுக்க மாமியின் அதே கரும்பழுப்பு. இப்படி அதற்கும் ஒரு வேலை கிடைத்தது. காற்றுக்குப் பறக்காதபடி கீழ் மடிப்பில் ஈயத்துண்டு வைத்துத் தைக்கச் சொன்னோம். விறாந்தைப் பக்கத்துக்குச் சுருட்டும் மூங்கில் தட்டி.

துணி வரக் காத்திருந்த நாட்களில் ஒருநாள் அன்ரி வந்து கதைத்துக்கொண்டிருந்தார். 83 ஜூலையில் அவருக்குப் பத்து வயதாம். இதே ஒழுங்கையில், பெற்றோர் வீட்டில், திரை இடுக்கால் காலி வீதிப் பக்கத்துப் புகையைப் பார்த்தபடி நின்றதைச் சொன்னார். திரை அசைந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று தகப்பன் கையைப் பிடித்து இழுத்தாராம். மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பிப்போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். எனக்குத் தெரிந்து, மாமி தன் கையால் ஊற்றிக் கொடுப்பது அவர் மதிக்கிற ஆட்களுக்கு மட்டுந்தான்.

எட்டாவது குசினி ஜன்னல். அது அன்ரியின் மதிலுக்கு நேரே. முழுக்க மூட ஒன்றேமுக்கால் மீற்றர் வேண்டுமென்று தையல்காரர் எழுதினார். மாமி அதை வெட்டி ஒரு மீற்றர் என்று எழுதச் சொன்னார். அடுப்படியில் நிற்பவரின் தோள்வரை மறைந்தால் போதுமாம். அதற்கு மேலே துணி இருந்தால் அன்ரி முருங்கைக்கீரையை எந்த வழியால் தருவது?