தேர்வு இல்லாத ஆண்டு



ஆண்டிறுதியில் "இம்முறை வரலாற்றுத் தேர்வு கிடையாது" என்று அரசாங்கமே அறிவித்தால் மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள் அல்லவா? சோவியத் ஒன்றியத்தில் 1988-இல் அதுதான் நடந்தது. பாடநூல்களில் பொய்கள் மலிந்திருந்தன என்று அரசு நாளேடான இஸ்வெஸ்தியாவே எழுதியது. பல்லாண்டு காலம் அதே நூலை நடத்திய ஆசிரியர் மறுநாள் எந்த முகத்தோடு வகுப்பில் நின்றிருப்பார்! எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அன்று தேர்வெழுதாத பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். அச்சிட்ட எதையும் எளிதில் நம்பாத தலைமுறை அது என்பது என் கணிப்பு. அவர்களின் பெற்றோர் வேறு வகையினர். 1992 சனவரியில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் இவர்களின் வாழ்நாள் சேமிப்பு கரைந்து போனது. சோவியத் ஒன்றியம் கலைந்ததற்கு வருந்துவதாக 2018-இல் இலெவாடா மையத்தின் கருத்தாய்வில் 66 விழுக்காட்டினர் கூறினர்; முதியோரிடமே அவ்வருத்தம் மிகுதி. அதைப் பொதுவுடைமைப் பற்று என்று மட்டும் கொள்வது சரியன்று. இழந்த ஓய்வூதியத்தின் மதிப்பும் இழந்த இளமையும் அதில் கலந்திருக்கின்றன.

பேரப்பிள்ளைகளோ அந்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டி ஒன்று சொல்கிறார், தாய் வாய் திறப்பதில்லை, பள்ளி வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

இந்த இடைவெளியில் ஓர் அருமையான முயற்சி நடந்தது. அரசு ஒடுக்குமுறைக்குப் பலியானோரின் பெயர்களைத் திரட்டி வந்த 'மெமோரியல்' அமைப்பு, 1999 முதல் உயர்வகுப்பு மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. சொந்தக் குடும்பத்தின், சொந்த ஊரின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை மாணவரே தேடி எழுத வேண்டும். 'என் குடும்பம்' என்னும் தலைப்பை நாம் முதலாம் ஆண்டிலேயே கொடுத்துவிடுகிறோம். அங்கே அத்தலைப்பில் உண்மை எழுதுவதற்குத் துணிவு தேவைப்பட்டது. 2016-இல் மாஸ்கோவில் நடந்த பரிசளிப்பு விழாவுக்கு வந்தோர்மீது ஒரு கும்பல் முட்டையும் பச்சைச் சாயமும் வீசியது. எழுத்தாளர் இலுத்மிலா உலித்ஸ்கயாவும் அதற்குத் தப்பவில்லை. பிள்ளைகள் பரிசு வாங்க வந்த நாளில்!

2021 திசம்பரில் மெமோரியலைக் கலைக்கும்படி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2022 செப்டம்பரில், திங்கட்கிழமைதோறும் நாட்டுப்பற்று ஊட்டும் 'முக்கியமானவை பற்றிய உரையாடல்கள்' என்னும் பாடவேளை பள்ளிகளில் தொடங்கியது. 2023 செப்டம்பரில், அதிபரின் உதவியாளர் மெதின்ஸ்கி இணைந்து எழுதிய புதிய வரலாற்றுப் பாடநூல் நாடு முழுவதும் உயர்வகுப்புகளுக்கு வந்தது. உக்ரேன் போரும் அதில் ஒரு பாடம்.

அதற்குத் தேர்வும் உண்டு.